மழையே இல்லாத இரண்டு கவிதைகள்

பாசத்துக்குரிய மல்லிகாக்காவுக்கு,

சுகந்தி எழுதுகிறேன். விஷ்ராந்த்வாடிப் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஆறு வருடம் உங்கள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, உங்கள் சாப்பாட்டு டப்பாவில் பாதியைக் காலி செய்தவள். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நல்ல காரணம் இல்லை. தைரியம் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயரை நான் கெடுத்துவிட்டேன் அக்கா.

களைப்பாக இருக்கிறது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை, எல்லோருமே களைப்பாகத்தான் இருக்கிறார்கள். உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லியே பிப்ரவரி வந்துவிட்டது. பத்தாம் வகுப்பின் மூன்று பிரிவுகளும் என் தலையில்தான். வாகடில் இருக்கும் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வந்து சேருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. வலது கை கட்டைவிரலுக்குக் கீழே ஒரு வலி வந்து குடியேறியிருக்கிறது. சிவப்புப் பேனாவை எடுத்தால் போதும், ஆரம்பித்துவிடும்.

இதை நம் தமிழ் ஆட்களின் மாத இதழில் படிக்கப் போகிற மற்றவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆங்கிலத் தேர்வில் ஒரு கேள்வி உண்டு. பிள்ளைகள் முன்பின் பார்த்திராத இரண்டு கவிதைகளைக் கொடுப்போம். இரண்டுக்கும் பொதுவான கரு என்ன, அதைச் சொல்லக் கவிஞர்கள் உவமை, உருவகம் போன்ற உத்திகளை எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஒரே பத்தியில் எழுத வேண்டும். முதலில் தன் கருத்து. அடுத்து இரண்டு கவிதைகளிலிருந்தும் சான்று. கடைசியில், அந்தச் சான்று எதைக் காட்டுகிறது என்ற விளக்கம். கேட்க எளிதாகத்தான் இருக்கும். வீட்டில் மராத்தியோ ஹிந்தியோ தமிழோ பேசிவிட்டு வரும் பிள்ளைக்கு ஆங்கிலக் கவிதை புரிவதே பெரும்பாடு. அதில் இரண்டை ஒன்றோடொன்று வைத்துப் பார் என்றால் எங்கே போவான்?

போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பேர் இந்தக் கேள்விக்கு வெறும் தாளைக் கொடுத்தார்கள். நீங்கள் அவர்களைத் திட்டவில்லை. ஒரு மாதிரிப் பத்தியைக் கையாலேயே ஐந்து தாளில் எழுதினீர்கள். அப்போது நல்ல மழை, பாடத்திலும் மழைக் கவிதை. அதனால் ‘இரு கவிஞர்களும் மழையைத் தனிமையின் உருவகமாகக் கையாள்கிறார்கள்’ என்று அந்தப் பத்தி தொடங்கும். மூன்று வாரம், தினமும் சாப்பாட்டு இடைவேளையில் அந்த ஐந்து பேரோடு உட்கார்ந்தீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு இரண்டு கவிதைகள். மழையை அடித்துவிட்டு அவர்கள் கண்ணில் பட்டதை எழுத வேண்டும், தனிமையை அடித்துவிட்டு அவர்கள் மனதில் பட்டதை எழுத வேண்டும். இரண்டு கவிதையும் ஒன்றையே பேசுகின்றன என்பது பாதி விடை, எந்த இடத்தில் பிரிகின்றன என்பதுதான் மீதி என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். அந்த மூன்று வாரமும் உங்கள் டப்பாவை நான் முழுசாகவே காலி செய்தேன்.

எனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தீர்கள். கேட்டால் இல்லை என்று சொல்ல வராது உங்களுக்கு. ஆனால் கொடுக்கும்போது சொன்னீர்கள்.

“அரே, இது அஞ்சு பசங்களுக்குடி. கூட ஒக்காந்து அடிக்க வெக்கணும். சும்மா குடுத்தா அப்டியே முழுங்கிடுவானுங்க.”

“சரிங்க்கா” என்றேன். கோயம்புத்தூர்க்காரி வாயைத் திறந்தாலே மரியாதைதான் கொட்டுகிறது என்று, ஹிந்தி கலந்த உங்கள் ஊர்க் கட்கித் தமிழில் நீங்கள் என்னைக் கேலி செய்ததும் அன்றுதான்.

ஜூனில் பள்ளி திறந்த வாரம், காலையில் டப்பா கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று உங்கள் வீட்டுக்காரர், நம் மாமா, போன் செய்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. ஜூலையில் ஒரு நாள் நூற்றுச் சொச்சம் விடைத்தாள்கள் மேஜையில் கிடந்தன. எல்லாவற்றிலும் அந்தக் கேள்விக்கு அரைகுறையாக இரண்டு வரி. உங்கள் தாள் என் மேஜை டிராயரில் இருந்தது. எடுத்தேன். தட்டச்சு செய்தேன். ஓரமெல்லாம் அழகாக வெட்டி லேமினேட் செய்து, மூன்று பிரிவுக்கும், ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். எதையும் அடிக்கச் சொல்லவில்லை, யாரோடும் உட்காரவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள் என்றுகூடச் சொன்னேன். மழை என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கோடு போட்டிருக்கலாம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரியில் மாதிரிப் பொதுத்தேர்வு. இந்த முறை விடைத்தாள்களைத் திருத்த வேறொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். கொடுத்த கவிதைகள் இரண்டும் நல்ல கவிதைகள் அக்கா, உங்களுக்குப் பிடித்திருக்கும். ஒன்றில், ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் மின்மீட்டர் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டுகிறது. இன்னொன்றில், மூடிப்போன மில்லின் வாசலில் ஒரு காவலாளி இன்னும் தினமும் எழுந்து நின்று சலாம் வைக்கிறார். இரண்டிலும் வெயில்தான். ஒரு சொட்டு மழை கிடையாது. எங்கள் பிள்ளைகளில் எழுபது பேருக்கு மேல் ‘இரு கவிஞர்களும் மழையைத் தனிமையின் உருவகமாகக் கையாள்கிறார்கள்’ என்று எழுதியிருந்தார்கள். காற்புள்ளிகூட மாறவில்லை.

காப்பியடித்திருக்கிறார்கள் என்று அந்தப் பள்ளி எழுதி அனுப்பியது. பிரின்ஸிபால் அறையில் கூட்டம். பெற்றோர் சார்பில் நான்கு பேர் வந்திருந்தார்கள், அதில் ஒருவர் கட்கிக்காரர், நம் தமிழ் ஆள். பிள்ளைகள் காப்பியடிக்கவில்லை, ஒரு தாளைப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள் என்று நான்தான் விளக்கினேன். அதுவரை சரியாகத்தான் பேசினேன். அந்தத் தாளை யார் தயாரித்தது என்று பிரின்ஸிபால் கேட்டார். “மல்லிகா டீச்சர்” என்றேன்.

இரண்டே சொல். பொய் என்றும் சொல்ல முடியாது. அதைக் கேட்டதும் அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். போனவருக்கு மெமோ கொடுக்க முடியாது, பெற்றோரும் சண்டை போட முடியாது. பாவம் என்று ஒருவர் சொன்னார். கூட்டம் பத்து நிமிடத்தில் கலைந்தது. உங்கள் பெயரைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அது ஏன் அக்கா? ஆறு வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

அடுத்த புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் மாமா வந்தார். தொழிற்சாலையில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அந்தக் காக்கிச் சட்டையோடேயே கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். கட்கி மார்க்கெட்டில் யாரோ பேசியிருக்கிறார்கள், உன் பெண்டாட்டி எழுதிவிட்டுப் போன நோட்ஸால்தான் பிள்ளைகளுக்கு மார்க் போச்சு என்று.

“சுகந்தி, ஒண்ணு கேக்கணும். நீ கூடவே இருந்தவ, உனக்குத்தான் தெரியும். அவ புள்ளைங்களுக்குத் தப்பாவா சொல்லிக் குடுத்தா?”

“அப்படியெல்லாம் இல்லீங் மாமா. பெல் அடிச்சுட்டாங்க, நான் அப்புறம் பேசறேனுங்” என்றேன்.

“சரிம்மா, நீ போ. வேலயப் பாரு” என்றார். நான் படியேறி மாடிக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கேட்டருகே அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அன்று மதியம் விடைத்தாள் கட்டு எங்களிடம் திரும்பி வந்திருந்தது. உங்கள் ஐந்து பேரின் தாள்களை மட்டும் தேடி எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. அவர்களும் அதையே எழுதியிருந்தால் என் மனது கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேனோ என்னவோ. ஐந்து பேரில் ஒருவர்கூட மழை என்று எழுதவில்லை அக்கா. ஆங்கிலம் தப்பும் தவறுமாகத்தான் இருந்தது. ஆனால் குருவி இருந்தது, காவலாளி இருந்தார், மீட்டர் பெட்டி இருந்தது. தாபோடியிலிருந்து வருவாளே, வாயே திறக்காத அந்தப் பெண், இப்படி எழுதியிருந்தாள்: ‘வீடு காலி என்று குருவிக்குத் தெரியாது. மில் மூடிவிட்டது என்று காவலாளிக்குத் தெரியும். தெரிந்தும் சலாம் வைப்பதால் அவருடைய தனிமை பெரியது.’ வேறு பள்ளியில் திருத்தியவர் ஓரத்தில் பெரிதாக டிக் போட்டிருந்தார்.

ஆசிரியர் அறையில் வாய்விட்டு அழுதேன். மராத்தி டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். தலைவலி என்றேன்.

மறுநாள் பிரின்ஸிபாலுக்கு ஒரே பத்தியில் கடிதம் எழுதினேன். இத்தனை வருடம் பிள்ளைகளை எழுத வைத்த மாதிரியேதான் எழுத வந்தது. கருத்து: தவறு என்னுடையது. சான்று: தட்டச்சு செய்தது நான், எல்லோருக்கும் கொடுத்தது நான், சும்மா கொடுக்காதே என்று மல்லிகா டீச்சர் சொல்லியிருந்தார், அவர் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஐவரும் சரியாக எழுதியிருக்கிறார்கள். விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. ஏன் இப்படிச் செய்தேன்? களைப்பு என்று எழுதி அடித்தேன். களைப்பில் தாளைக் கொடுத்தேன் என்பது சரி. உங்கள் பெயரைச் சொன்னது களைப்பால் இல்லை. பயத்தால். நீங்கள் வந்து மறுத்துப் பேச மாட்டீர்கள் என்ற தைரியத்தால். அதை அப்படியே எழுதினேன்.

பிரின்ஸிபால் கடைசி வரி வரை படித்தார். முடிந்த விஷயத்தை ஏன் கிளறுகிறீர்கள், எல்லோருக்கும் மறுதேர்வு வைத்துவிடலாம், பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது உங்களுக்கு நான் மெமோ கொடுத்தால் பாடம் யார் நடத்துவது என்று ஹிந்தியில் கேட்டார். மல்லிகா மேடத்துக்கு இனி என்ன நஷ்டம் என்றும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, அவரும் ஓய்ந்துபோயிருக்கிறார். கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கட்கிக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். மாமா குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். உங்கள் கண்ணாடி இன்னும் டிவி பக்கத்தில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். டிராயரில் இருந்த தாள், லேமினேட், பிரின்ஸிபால் அறையில் சொன்ன இரண்டு சொல், புதன்கிழமை பெல் அடித்ததாகச் சொன்னது. அன்று பெல் அடிக்கவே இல்லை என்பதையும் சொன்னேன். ஐந்து பேர் எழுதியதைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். குருவி வரியை இரண்டாம் தரம் கேட்டார்.

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“எங்கிட்ட வந்து சொன்ன, சரி. ஆனா எங்கிட்டயா அவ பேரச் சொன்ன? யார் முன்னால சொன்னியோ, அங்க போய் சொல்லு.”

டீ குடிக்கச் சொல்லவில்லை. அந்த வீட்டில் இது முதல் தடவை. வாசல் வரை வந்து, செருப்பு மாட்டும்வரை நின்றார்.

வரும் சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மூன்று பிரிவுப் பெற்றோரும் வருவார்கள், அந்த நால்வரும் இருப்பார்கள், கட்கிக்காரரும் இருப்பார். மறுதேர்வைப் பற்றி இரண்டு நிமிடம் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் எழுந்து நின்று, அந்தத் தாளைப் பிள்ளைகள் கையில் திணித்தது சுகந்தி என்று ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்வேன். நம் ஆட்களுக்காகத் தமிழிலும் சொல்வேன். வேலை போனால் போகட்டும் என்று பெரிதாகப் பேச எனக்கு வராது அக்கா, போகக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் சொல்வேன். மாமாவையும் வரச் சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்றார். இந்தக் கடிதம் நம் ஆட்களின் மாத இதழில் அச்சாகி வரும்போது அந்தச் சனிக்கிழமை முடிந்திருக்கும். படிக்கிறவர்கள் யாராவது மாமாவிடம் போய், அவள் சொன்னாளா என்று கேட்டுக்கொள்ளட்டும். அவர் என்ன சொல்கிறாரோ, அதுதான் நான்.

உங்கள் தங்கை என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஆசைப்படுகிற,
சுகந்தி