சிவப்புப் போர்வையில் ஒரு டெஸ்ட் படம்

யூலை 8, செவ்வாய்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. காலையிலேயே ஸ்டூடியோக் கண்ணாடி முழுக்கப் புழுதி. இரண்டு தரம் துடைத்தேன், மூன்றாம் தரம் விட்டுவிட்டேன்.

அடையாள அட்டைப் படத்துக்கு நிறையப் பேர். ரூபன் அண்ணா எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: "காது தெரியட்டும். சிரிக்கப்படாது." சிரிக்காதே என்றதும்தான் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. ஏன்?

ஆள் வந்து இருக்குமுன் ஸ்டூலில் நான் இருக்க வேண்டும். அண்ணா விளக்கை நகர்த்துவார், என்னை ஒன்று எடுப்பார், திரையைப் பார்ப்பார், அழிப்பார். டெஸ்ட் படம். வேலைக்கு வந்ததிலிருந்து எத்தனை எடுத்திருப்பாரோ. ஒன்றும் இப்போது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் வழக்கமான கேள்வி. "உன்ன ஆராவது படம் கிடம் எடுத்தாங்களா?"

"இல்லம்மா."

அழித்த படம் படமா? அம்மா என்னை வேலைக்கு விட்டதே அந்த ஒரு கட்டளையோடுதான். என் முகம் எங்கேயும் வரக்கூடாது. வந்தால் அடுத்த நாள் வேலை இல்லை. முகம் வராதது எனக்கும் நல்லதுதான். கமராவுக்கு முன்னால் நின்றால் கையை எங்கே வைப்பதென்றே தெரியாது, பெருவிரலை உள்ளே மடித்துப் பிடித்துக்கொள்வேன். பின்னால் நிற்கத்தான் ஆசை.

விளங்காதது: f எண் கூடக்கூட லென்ஸின் ஓட்டை சிறுக்கிறது. ஏன் தலைகீழ்? நிரோ அக்காவிடம் கேட்க வேண்டும். அண்ணாவின் தங்கச்சி, கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவர்தான். (கேட்கவில்லை.)

பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். அங்கே பின்னக் கணக்கென்றாலே தலையிடி. கமராவில் 1/60, 1/250 எல்லாம் பின்னம்தான். இது மட்டும் எப்படி மண்டையில் ஏறுகிறது?

யூலை 10, வியாழன்

பின்னேரம் கல்லடியில், வாவிக்கரை. சாமத்திய வீட்டுக்கு, பெரியபிள்ளையான பிள்ளை ஒன்றைப் படம் எடுக்க. பெயர் கவி. கரடியனாற்றிலிருந்து தாயும் சித்தியும் வாடகை வானில் கூட்டி வந்தார்கள்.

பையில்: கமரா இரண்டு, 85 லென்ஸ், 35 லென்ஸ் (நான் தொடலாம் என்பது இது மட்டும்), கமராப் பட்டறிகள், சேலைக்கு ஊசி, பிஸ்கட்.

காற்று, வெளிச்சத்தைத் திருப்பும் ரிஃப்ளெக்டர் துணியோடு சேர்த்து என்னையும் இழுத்துக்கொண்டு போனது. வலை வீச வந்த ஒருவர், "என்ன புள்ள, தோணிய உட்டுட்டுப் பாய மட்டும் கொண்டு வந்தயா?" எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கு முகம் சுட்டது.

கவி வானை விட்டு இறங்கவில்லை. சித்தி உள்ளே தலையை விட்டு, "இறங்குகா, வெயில் போகுது." அவள் இறங்குவதற்குள் ஒளியைப் பார்த்து வைப்போம் என்று அண்ணா என்னை நிற்கச் சொன்னார். பட்டுச் சிவப்பு எப்படி விழுகிறதென்று தெரிய வேண்டுமாம். சித்தி கவியின் போர்வையை என் தலையில் போட்டுவிட்டார்.

"தண்ணிப் பக்கம் கிறுகு. இன்னும் கொஞ்சம். காணும், நில்."

திரும்பியதும் முகத்துக்கு நேரே சூரியன் கூசியது. கண்ணை மூடினேன். டிக்.

அந்த நேரம் பார்த்துக் கவி இறங்கினாள். அண்ணா அழிக்காமலே அவளிடம் ஓடினார். கவனித்தேன். சொல்லவில்லை, ஆட்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது.

கவி ஒரு படத்திலும் நிமிரவில்லை. "சிரிங்க மகள்" என்று அண்ணா சொல்லச் சொல்லக் கழுத்து இன்னும் உள்ளே போனது. அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும்.

யூலை 11, வெள்ளி

காற்று குறைவு. பாலைப் பழம் விற்கிறவர் வந்தார், வாங்கவில்லை.

நேற்றே நிரோ அக்கா படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், கவி வீட்டார் பார்த்துப் பொறுக்க. மத்தியானம் பதில் வந்தது. வாசலில் வைக்கும் பெரிய பனருக்கு ஒரே ஒரு படம். அக்கா திறந்தார்.

நான்.

வாவி முழுக்கப் பொன் நிறம். போர்வை விளிம்பு காற்றில். பக்கவாட்டில் முகம், பாதி இருட்டு, மூக்கில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம்.

"என்ன வடிவா வந்திருக்கு இந்தப் புள்ள," என்றார் அக்கா. அவருக்கே தெரியவில்லை. நான் கையைப் பார்த்தேன். பெருவிரல் உள்ளே.

கரடியனாற்றில் அம்மாவின் அண்ணன் இருக்கிறார். பெரிய மாமா. அவர் போகாத சாமத்திய வீடு இல்லை. ஆள் உயரத்துக்குப் பனர் அடித்து வைத்தால் மாமாவுக்குத் தெரியாமல் போகுமா? அன்றைக்கே அம்மாவுக்குப் போன். அதோடு வேலை போச்சு.

சொன்னால் அழிக்காமல் விட்ட அண்ணாவுக்குக் குறை. தேநீர் ஊற்றினேன், சீனி போட மறந்தேன்.

எழுத வெட்கம், ஆனாலும்: அக்கா சாப்பிடப் போனதும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் இப்படி இருப்பேன் என்று தெரியாது. பிறகு எப்படி எடுத்ததென்று பார்த்தேன். 85 லென்ஸ், f 2.8, 1/1000, ISO 100.

அக்கா வந்ததும் சொன்னேன். "அது நான்." அக்காவுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

அக்கா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடியே."

கவியின் தாய்க்குப் போன் எடுத்தார். தாய் நம்பவில்லை. "என்ட புள்ளய எனக்குத் தெரியாதா?" என்று கத்தியது எனக்கே கேட்டது. பிறகு கவியின் குரல். என்னோடு கதைக்க வேண்டுமாம்.

"அக்கா, அது நீங்க எண்டு எனக்குத் தெரியும். நான்தான் அதப் பொறுக்கின."

"ஏன்?"

"வாசல்ல என்ட முகம் வேணாம். வாற எல்லாரும் பாப்பாங்க."

"அப்ப என்ட முகத்தப் பாக்கலாமா?" வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் கவி சிரித்தாள். நானும்.

"உங்களையும் அதே மாதிரி எடுக்கலாம்," என்றேன். "இருட்டா. முகம் சரியாத் தெரியாம."

"ஆர் எடுக்கிற? அந்த அண்ணா எண்டா மாட்டன்."

அக்கா போனைப் பறித்தார். "இவ எடுப்பா."

என்னைக் கேட்கவேயில்லை.

"உன்ட படத்த அழிக்கட்டா?" என்றார் அக்கா. "ஓம்." கம்ப்யூட்டரிலும் கார்டிலும் அழித்தார், கவி வீட்டுப் போனிலும் அழிக்கச் சொன்னார். எண்கள் மட்டும் என்னிடம்.

யூலை 13, ஞாயிறு

மேகம். அதே கரை, நிரோ அக்காவும் வந்தார். கவி சொல்லுமுன்னமே இறங்கிவிட்டாள்.

டெஸ்டுக்கு ஆள் நிற்க வேண்டும். நான் கமராவுக்குப் பின்னால், 85 லென்ஸை அண்ணாவே மாட்டித் தந்தார். தாயும் சித்தியும் கவியின் சேலை மடிப்போடு. மிச்சம் ரூபன் அண்ணா. சித்தி சிரிக்காமல் போர்வையை அவர் தலையில் போட்டார். தாடியும் சிவப்புப் பட்டும். கவி சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள்.

"தண்ணிப் பக்கம் கிறுகுங்க," என்றேன். என் குரல்தான்.

குறித்த எண்களை வைத்து எடுத்தேன். ஒரே கறுப்பு. அன்றைக்கு இருந்த வெயில் இன்றைக்கு இல்லை, அதை யோசிக்கவில்லை. 1/500. கறுப்பு. 1/250.

அண்ணா: "கெதியா எடுகா. எவ்வளவு நேரம் மணப்பொம்பிள மாதிரி நிக்கிற?"

1/125இல் தண்ணீர் வெளித்துத் தெரிந்தது.

கவி நின்றாள். கையை எங்கே வைப்பது என்று கேட்டாள். "பெருவிரல உள்ளுக்கு மடிச்சுப் பிடி." மேகத்துக்கு அடியில் கொஞ்சம் மஞ்சள் வந்தது. எடுத்தேன், எடுத்தேன். பாதி ஆடிக் கலங்கியிருந்தது. ஒன்று நல்லது.

தாய் திரையை நெடுநேரம் பார்த்தார். "இது என்ட புள்ளதான்," என்றார்.

அண்ணா: "என்ட படத்த முதல் டிலீட் பண்ணு." அதற்குள் நிரோ அக்கா அதைக் கமராவிலிருந்து என் போனுக்கு அனுப்பியிருந்தார்.

வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். "உன்ன ஆராவது படம் கிடம் எடுத்தாங்களா?"

"இல்ல. நான்தான் எடுத்தன்."

கை நின்றது. "ஆர?"

"ரூபன் அண்ணாவ. தலையில சிவப்புப் போர்வை போட்டு."

அம்மா கையைத் துடைத்தார். "எங்க, காட்டு."