கழுவாத தட்டு

என்னங்க,

இதை உங்க மாத்திரை டப்பாவுக்கு அடியில வச்சிட்டுப் போறேன். காலையில எழுந்ததும் அங்கதானே கை வைப்பீங்க.

நேத்து ஆஸ்பத்திரி லாண்டரியில எனக்கு அடுத்த ஷிப்ட் ஆள் வரல. வீட்டுக்கு வர நேரமாயிடுச்சு. நீங்க சர்க்கரை மாத்திரையை மட்டும் வேளை தவறாம போட்டுட்டு, ரெண்டு தட்டையும் எடுத்து வச்சு, நான் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்னு வெறும் வயித்தோட உட்கார்ந்திருக்கீங்க. சட்டையெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்து "யாரும்மா நீ?"ன்னு கேட்டீங்க. கல்யாணமான புதுசுல இப்படிக் கேட்டிருந்தா ஓடியே போயிருப்பேன்!

சர்க்கரைத் தண்ணி கலக்கினப்போ பாதி தரையில கொட்டிடுச்சு. ஸ்பூன் சரியில்ல, வேற ஒண்ணுமில்ல.

டாக்டரம்மா போன்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க. இந்த மாத்திரையைப் போட்டா சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாதாம், சர்க்கரை ஒரேயடியா இறங்கிடுமாம். நான் வந்தாலும் வராட்டாலும் சாப்பிடுங்க. காத்திருக்கிறது பாசம்னு எனக்குத் தெரியும், மாத்திரைக்குத் தெரியாதே.

சாப்பிட்ட தட்டைக் கழுவலன்னு இத்தனை வருஷமா உங்களைத் திட்டியிருக்கேன். இனிமே கழுவாதீங்க. அப்படியே மேஜையில விட்டுடுங்க. கதவைத் திறந்ததும் அந்த எச்சில் தட்டுதான் என் கண்ணுல படணும்.

வேலைக்குக் கிளம்பும்
உங்க சண்டைக்காரி