ஊர்வலத்தில் மூன்றாவது

மார்ச் 3, 2009

மூட்டுவலி. பதிவாளர் மரிவிக் வந்திருந்தாள். நான் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த நாற்காலி இப்போது அவளுடையது. பல்கலைக்கழக வரலாறு அச்சுக்குப் போகிறதாம்.

"மேடம், விவசாயக் கல்லூரி ஆரம்பிச்ச வருஷம் ரெண்டு விதமா இருக்கு. உங்களை விட்டா கேக்க ஆளில்ல."

பட்டமளிப்பு ஊர்வலத்தில் கல்லூரிகள் வயதுப்படி நடக்கும். விவசாயம்தான் முதலில். அதன் டீனாக, மறைந்த என் கணவர் எஸ்தாகியோ கொடிக்குப் பின்னால் முதல் ஆளாக நடந்தார்.

மார்ச் 4

1971இல் நான் தட்டச்சு செய்த வரிசைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கல்லூரிக்கும் முதல் வகுப்பு நடந்த ஆண்டு. விவசாயத்துக்கு மட்டும் நிர்வாகக் குழு அனுமதி தந்த ஆண்டு, 1921. வகுப்பு தொடங்கியதோ 1924, பொறியியலுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் பிறகு.

தவறுதானா? வேறு எந்த வரியிலும் நான் தவறவில்லையே.

மார்ச் 8, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அம்புரோசியோ பிடித்துக்கொண்டார். பொறியியலின் பழைய டீன். எண்பத்தாறு வயது, வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

"என்ன கொன்சோலசியோன், வரிசை மாறுமாமே? உங்க வீட்டுக்காரர் ஆளுங்க பின்னாலயே நடந்து எங்களுக்குச் சாண வாசம் பழகிப்போச்சு. முன்னால விட்டா வழி தெரியாம நிப்போம்."

சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து ஊற்றிய காப்பி அப்படியே ஆறிப்போயிற்று.

மார்ச் 9

எஸ்தாகியோவுக்குத் தெரிந்திருக்குமோ? அந்தப் பட்டியல்படி நடந்த முதல் ஊர்வலம் முடிந்து வந்தவர், அங்கியைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "கொன், நாங்க அவ்வளவு பழசா?" நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏன் திரும்பல நான்?

மார்ச் 10

1924 என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 19

மரிவிக் மெய்ப்பு கொண்டுவந்தாள். அடிக்குறிப்பில், பழைய 1921 'ஓர் எழுத்தரின் கவனக்குறைவால்' நேர்ந்தது என்று இருந்தது. எந்த எழுத்தர்? என்னிடம் இருந்த ஐந்து பெண்களும் ஒழுங்காக வேலை பார்த்தவர்கள்.

"அதை அடிச்சுட்டு என் பேரைப் போடு. கவனக்குறைவையும் எடுத்துடு."

"அப்ப காரணம்னு என்ன மேடம் போடறது?"

"காரணம் வேண்டாம். பேர் போதும்."

ஏப்ரல் 18

பட்டமளிப்பு. முன்வரிசையில் இடம் தந்திருந்தார்கள். எல்லா வருடமும் முதல் கொடிக்கு எழுந்து நிற்பேன், அது கடந்ததும் உட்கார்ந்துவிடுவேன். இன்று முதலில் பொறியியல், அடுத்து ஆசிரியர் பயிற்சி. விவசாயத்தின் பச்சைக் கொடி வரும்வரை நின்றேன்.

பொறியியல் பிள்ளைகளின் முகங்களை இத்தனை வருடத்தில் இன்றுதான் பார்த்தேன்.