கேள்வியில் இல்லாத கோடு

அன்பு மைனி,

நீங்கள் போன பிறகு நடந்த முதல் போட்டி முடிந்துவிட்டது. அதை உட்கார்ந்து சொல்ல எனக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். பாதி வரைக்கும் கேட்டான். உங்கள் பெயர் வந்ததும், காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை மேய்ந்துவிட்டது, போய்ப் பார்க்கணும் என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். நீங்கள் இல்லாத வீட்டில் உங்களைப் பற்றிப் பேச அவனுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

அண்ணன் மனைவி என்பதால் உங்களை மைனி என்று கூப்பிட்டேன். ஆனால் நம்மைச் சேர்த்து வைத்தது கணக்குதான், இல்லையா? வேறு வீடுகளில் மைனியும் நாத்தனாரும் அடுப்படிக்காகச் சண்டை போட்டார்கள். இரண்டு கணக்கு டீச்சர்களான நாம் கேள்வித்தாளுக்காகச் சண்டை போட்டோம்.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் சில ஆசிரியர்கள் சேர்ந்து நடத்துகிற போட்டி அது. வடிவியல் கணக்குகளை எப்போதும் நீங்கள்தான் போடுவீர்கள். "இது எந்த நுழைவுத் தேர்வுக்கு உதவும்?" என்று நான் ஒருமுறை கேட்டபோது நீங்கள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "அல்ஜீப்ராவுல மேல் வரியப் பாத்தா கீழ் வரி வந்துரும் சுப்பு. வடிவியல்ல அடுத்த கோடு எங்கயும் எழுதியிருக்காது. பிள்ளை தானாப் போடணும். அதுக்கு ஒரு தைரியம் வேணும்லா?"

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டும் நீங்கள் அதைத்தான் யோசித்தீர்கள். "ஏட்டி, ஒரு நாற்கரம் வரை. ஒழுங்கா வரையாத, கோணலா வரை" என்றீர்கள். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் வரைந்தேன். "நாலு பக்கத்துக்கும் நடுப்புள்ளி வச்சு வரிசையாச் சேரு. உள்ள ஒரு கட்டம் விழுதுல்லா? அதோட பரப்பு வெளிக்கட்டத்துல சரிபாதி. எப்படிக் கோணினாலும் பாதிதான். ஏன்னு பிள்ளைகள் சொல்லட்டும்." நர்ஸ் வந்து, "பேசாமப் படுங்கக்கா, பிரஷர் ஏறுது" என்று அதட்டினாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள்.

நீங்கள் போட்ட கடைசிக் கணக்கு அதுதான்.

இந்த வருஷக் கேள்வித்தாளுக்குக் கூடியபோது தாளமுத்து சார் வடிவியலையே எடுத்துவிடலாம் என்றார். நீங்களும் அவரும் எத்தனை கூட்டத்தில் மோதியிருக்கிறீர்கள்! இந்தத் தடவை அவரோடு மல்லுக்கட்ட நான் மட்டும்தான் இருந்தேன். வாதமெல்லாம் எனக்கு வரவில்லை. "இது மைனி கடைசியாப் போட்ட கணக்கு" என்றேன். கணக்கு தாளில் ஏறியது. எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. கணக்கின் தகுதிக்காகவா சேர்த்தார்கள்? துக்கத்துக்காகத்தானே?

விடைத்தாள் திருத்தினோம். நகரத்தில் கோச்சிங் போகிற ஒரு சில பிள்ளைகள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். ஒருவன் தேற்றத்தின் பெயரை எழுதி, 'எனவே பாதி' என்று ஒரே வரியில் முடித்திருந்தான். இன்னொருத்தி நாலு முனைக்கும் எக்ஸ், ஒய் என்று ஆயத்தொலை வைத்து, ஒரு பக்கம் முழுக்கப் பெருக்கிக் கழித்து விடைக்கு வந்திருந்தாள். பிழை ஒன்றும் இல்லை. மதிப்பெண் போட்டோம். அந்தப் பையனைக் கூப்பிட்டு, "ஏன் பாதி வருது?" என்று கேட்டேன். "தேற்றம் டீச்சர்" என்றான். "தேற்றம் ஏன் அப்படிச் சொல்லுது?" என்றேன். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்து மரியாதையாகச் சிரித்தான்.

கிராமத்துப் பிள்ளைகளின் தாள்கள் என்னை அதைவிடக் கலக்கின. கழுகுமலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஸ்கேல் வைத்து அழகாகப் படம் வரைந்திருந்தார்கள். நடுப்புள்ளி, எழுத்து, அம்புக்குறி எல்லாம் சுத்தம். படத்துக்குக் கீழே ஒரு சொல் இல்லை.

மனசு கேட்காமல் ஒரு மத்தியானம் பஸ் ஏறி அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். மழை பொய்த்த கரிசல்காடு இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. போட்டிக்கு வந்த பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு வரச் சொல்லி, ஏன் படத்தோடு விட்டீர்கள் என்று கேட்டேன். மாரிச்செல்வி என்ற பிள்ளைதான் பதில் சொன்னாள்.

"படம் போட்டா ரெண்டு மார்க்கு நிச்சயம், அதுக்கு மேல போனா நேரம் வீணுன்னு எங்க சார் சொன்னாவ டீச்சர்."

அவர்களுடைய சாரும் அங்கேதான் நின்றார். அவர் மறைக்கவில்லை. "உண்மைதான் டீச்சர். பப்ளிக்ல பாஸாக என்ன வேணுமோ அதைத்தான் பழக்குதேன். நானே ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது, பத்துன்னு எல்லாத்துக்கும் போறேன். என்ன செய்யச் சொல்லுதீங்க?" என்றார். எனக்கு என்ன சொல்லத் தெரியும், மைனி? உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. தரையில் குச்சியால் அந்த நாற்கரத்தை வரைந்து, "இப்பப் பாருங்க, அவசரம் இல்ல" என்று உட்கார்ந்துவிட்டேன். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். இரண்டு பேர் சலித்துப்போய்த் தண்ணீர் குடிக்கப் போனார்கள். மாரிச்செல்வி குந்தியபடி வெகுநேரம் அசையவில்லை. பிறகு குச்சிக்குக் கை நீட்டினாள்.

"டீச்சர், இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு போடலாமா? கேள்வில அந்தக் கோடு இல்லையே."

போடும்மா என்று குச்சியை அவள் கையில் கொடுத்தேன். கோட்டைப் போட்டாள். அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மைனி. "ஏலே, இங்கன பாருங்கலே" என்று பையன்களை அழைத்தாள். "இந்த மூலைச் சின்ன முக்கோணம் இந்தப் பெரிய முக்கோணத்துல கால்வாசி. எதிர்த்த மூலையும் அப்படித்தான். அப்ப ரெண்டு மூலையும் சேந்து மொத்தத்துல கால்வாசி. மிச்ச ரெண்டு மூலைக்கும் குறுக்க இன்னொரு கோடு போட்டா அங்கனயும் கால்வாசி. நாலு மூலையும் போனா நடுவுல பாதிதான நிக்கும்!" ஒரு பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "அது எப்படி கால்வாசி ஆவும்?" என்றான். இருவரும் தரையைக் கீறிக் கீறிச் சண்டை போட்டார்கள். அவள் விடவில்லை.

சந்தோஷமாகத் திரும்பினேன் என்றா நினைக்கிறீர்கள்? பஸ்ஸில் வரும்போதே கலக்கம் பிடித்துக்கொண்டது. போட்டியில் அவளுக்குக் கிடைத்தது அந்த இரண்டு மதிப்பெண்தான். மரத்தடியில் அவ்வளவு நேரம் கிடைத்ததால் கோடு வந்தது. மணி அடிக்கிற பரீட்சை அறையில் எப்படி வரும்? வடிவியலுக்குப் போட்டியில் இடம் வேண்டும் என்று நாம் சண்டை போட்டோமே, அந்தப் போட்டியே அதற்குப் பகையோ? பென்சிலும் ஸ்கேலும் போதும், ஏழைப் பிள்ளைக்கும் பணக்காரப் பிள்ளைக்கும் சமமான கணக்கு அது என்பீர்கள். அங்கேயும் தேற்றங்களைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க ஆள் வந்துவிட்டார்களே.

அதே கேள்வியைத்தான் தாளமுத்து சாரும் அடுத்த கூட்டத்தில் கேட்டார். மாரிச்செல்வியைப் பற்றி எல்லாருக்கும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "டீச்சர், அந்தப் பிள்ளைய நான் கொறைச்சு மதிக்கல. ஆனா நம்ம தாள் அவளுக்கு ரெண்டு மார்க்குதான் போட்டுச்சு. கோச்சிங் போற பையனுக்கு முழுசும் போட்டுச்சு. அப்ப நம்ம தாள் யாருக்கு வேலை செய்யுது?"

"போட்டியிலயும் இல்லேன்னா எந்தப் பள்ளிக்கூடத்துல சார் அந்தப் பாடத்தைத் தொறப்பாங்க?" என்றேன். நீங்கள் சொல்லியிருக்கக்கூடிய பதில்தான். கை தூக்கச் சொன்னார்கள். வடிவியல் போய்விட்டது, மைனி. அடுத்த வருஷத் தாளில் உங்கள் பகுதி கிடையாது.

படி இறங்கும்போது அவர் பின்னாலேயே வந்தார். "உங்க மைனி இருந்திருந்தா இதைக் கேக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது டீச்சர்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. கோபப்படத் தயாராக இருந்த எனக்கு அது முடியாமல் போயிற்று. அடுத்த வருஷப் பரிசளிப்பு முடிந்த பிறகு ஹாலைக் கொஞ்ச நேரம் எனக்கு விட முடியுமா என்று மட்டும் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "சாவி என்கிட்டதான இருக்கு. பூட்டாம வைக்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். இந்தத் தடவை அவன் எழுந்து போகவில்லை. "அவ இருந்தா அந்தக் கூட்டத்தையே ரெண்டாக்கியிருப்பா" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தான். நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றி அவன் வாயால் வந்த முதல் பேச்சு அது.

மைனி, அடுத்த போட்டியன்று பரிசெல்லாம் கொடுத்து முடிந்ததும், அந்த ஹாலின் போர்டில் புதிதாக ஒரு வடிவியல் கணக்கை எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பேன். மதிப்பெண் கிடையாது, சான்றிதழ் கிடையாது, மணி அடிக்கவும் மாட்டார்கள். எந்தப் பிள்ளை தங்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளையும் தங்காமல் போகலாம். அப்படியானால் நானே போட்டுப் பார்த்துவிட்டு, போர்டை அழித்துவிட்டு வருவேன். அதற்கடுத்த வருஷமும் போவேன். உங்களுக்கு நான் தருகிற வாக்கு இது.

என்றும் உங்கள் நாத்தனார்,
சுப்பு