செருப்புக்கு ஓட்டு இல்லை

அம்மாபேட்டை, சேலம்
8.4.2021

திருமதி ஆத்தாயி அவர்களுக்கு,

வணக்கம். நாம் அறிமுகமானவர்கள் அல்ல. நேற்று முன்தினம் ஓட்டுச்சாவடி வரிசையில், "செருப்புக்கு ஓட்டு இல்லை, பின்னால் போய் நில்லுங்கள்" என்று உங்களிடம் சொன்னவள் நான்தான். உங்கள் பெயரைக் கீரைக்கார முத்தாயம்மாள் சொன்னாள். அவள் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நான் வந்தபோது மணி எட்டு ஐந்து. நோய்த்தொற்றுக்காகச் சுண்ணாம்பில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். எனக்கு முன் வட்டத்தில் ஆள் இல்லை. ஒரு ஜோடி செருப்புதான் இருந்தது. அதற்கு முன்னால் முத்தாயம்மாள். வரிசை நகரும்போதெல்லாம் அவள் அந்தச் செருப்பைக் காலால் இழுத்துக்கொண்டே போனாள். ஒரு மணி பத்து நிமிடம் செருப்புக்குப் பின்னால் நின்றேன். பிறகு நீங்கள் மரத்தடியிலிருந்து எழுந்து வந்து அந்த வட்டத்தில் நின்றீர்கள். வரிசை என்றால் ஆள் நிற்க வேண்டும் என்பது கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதைச் சொன்னேன். குரல் சற்று உயர்ந்திருக்கலாம்.

நீங்கள் வெறுங்காலோடு வரிசையின் கடைசிக்குப் போய்விட்டீர்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அந்த இடத்தில் கிடந்த செருப்பை உங்களுடையது என்று எடுத்துவந்தேன்; இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

முழங்கால் வலியால் உட்கார்ந்தீர்கள் என்றும், வயதானவர்கள் செருப்பை வைத்துவிட்டு உட்காரலாம் என்று அங்கிருந்த தன்னார்வலர்களே சொன்னார்கள் என்றும் முத்தாயம்மாள் நேற்றுத்தான் என்னிடம் சொன்னாள். எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா? என்னால் ஒருவருடைய ஓட்டு போயிருந்தால் அதை நான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
பூங்கோதை சின்னுசாமி

10.4.2021

டீச்சரம்மாளுக்கு ஆத்தாயி கும்பிட்டு எழுதச் சொல்றது. எழுதறது என்ர மருமக சத்யபிரியா. நானு சொல்றதைச் சொன்னபடிக்கே எழுதோணும்னு அவகிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டேன்.

செருப்பு வந்துதுங்க. ஆனா அது என்ரது இல்லீங்க. அது ஏழாம் நம்பரு. என்ர காலு அஞ்சு. என்ரது செகப்பு வாரு வெச்சது. யாரு செருப்பைத் தூக்கியாந்தீங்களோ, அவிய இன்னேரம் உங்களுக்குச் சாபம் உட்டுட்டு இருப்பாங்க.

உங்க கடுதாசியில "மன்னிச்சுக்கங்க"ன்னு ஒரு வார்த்தை இருக்குதான்னு மருமக ரெண்டு தடவை படிச்சுப் பாத்தா. காணமுங்க. என்னைப் பின்னால தொரத்திப்போட்டு, பத்தே நிமிசத்துல போலீசம்மா "பெரியவங்க முன்னால வாங்க"ன்னதும் நீங்க விறுவிறுன்னு போனதை நானு கடைசியில நின்னு பாத்தனுங்க. அப்ப வரிசை எங்க போச்சுங்க?

ஓட்டுப் போட்டனா இல்லையான்னு சொல்ல மாட்டேன். தொண்ணூறு பேரு முன்னால சத்தம் போட்டீங்க. அதே மாதிரி வரிசையில நின்னு, எல்லாரு முன்னாலயும் தப்புன்னு சொல்லுங்க. அப்பச் சொல்றேன்.

ஆத்தாயி

(அத்தை கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் ஒன்றும் சொல்லக் கூடாதாம். – சத்யபிரியா)

13.4.2021

திருமதி ஆத்தாயி அவர்களுக்கு,

நான் டீச்சர் அல்ல. ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை.

அந்தச் செருப்பைப் ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்தின் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். சிவப்பு வார் வைத்த செருப்பு அங்கே இல்லை. உங்களுக்கு ஐந்தாம் நம்பரில் புதியது ஒரு ஜோடி முத்தாயம்மாள் கொண்டுவருவாள். பெரியதாக இருந்தால் சொல்லவும்.

போலீஸ்காரப் பெண் கூப்பிட்டதும் நான் முன்னால் போனது உண்மை. வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று அதிகாரிகள் சொன்னபோது, எனக்குக் கால் இருக்கிறது என்று மறுத்தவள் நான். அங்கே வெயிலில் தலை சுற்றியது, போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் இடது ஆள்காட்டி விரலில் மை இருக்கிறதா என்று பார்த்துவரும்படி முத்தாயம்மாளிடம் சொல்லியிருந்தேன். கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டீர்களாம். இது வயதுக்கு அழகா?

தொண்ணூறு பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும்.

பூங்கோதை சின்னுசாமி

20.6.2021

அம்மிணிக்கு,

உங்களுக்கு எம்பதுதான்னு முத்தாயி சொல்லிப்போட்டா. எனக்கு எம்பத்திரண்டுங்க. அதனால இனி அம்மிணின்னுதான் கூப்புடுவேன். கோவிச்சுக்காதீங்க.

செருப்பு அளவாயிருக்குது. ஊரடங்குல எங்கீம் போக முடியாம ஊட்டுக்குள்ளயே போட்டுட்டு நடக்கறேன்.

விரலைப் பாக்க ஆளு உட்டீங்கல்ல, அதான் பத்து விரலுக்கும் மருதாணி வெச்சுக்கிட்டேன். இன்னும் ஒருக்கா வெச்சா மை இருந்தாலும் போயிரும். அப்பறம் சாமி வந்து கேட்டாலும் தெரியாது!

உங்களுக்கு இருமல்னு கேட்டு ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலீங்க. தொண்ணூறு பேரு முன்னால பேசறதுக்கு முன்னால நீங்க போய்ச் சேர்ந்துட்டா நானு யாருகிட்டக் கேக்கறது? சங்ககிரிப் பக்கம் எங்க காட்டுல வெளஞ்ச கடலைக்காய் குடுத்தனுப்பியிருக்கறேன். வேவிச்சுத் தின்னுங்க. பச்சையாத் தின்னா இருமல் சாஸ்தியாகும்.

ஆத்தாயி

20.2.2022

அன்புள்ள ஆத்தாயி அவர்களுக்கு,

நேற்று மாநகராட்சித் தேர்தலுக்கு நான் ஆறரை மணிக்கே வந்தேன். நீங்கள் அதற்கும் முன்னால் வந்து நின்றீர்கள். போலீஸ்காரப் பெண் நம் இருவரையும் முன்னால் வரச் சொன்னபோது, "நாங்க வாரதா இல்ல, நீங்க போங்க சாமி" என்று நீங்கள் சொன்னதும் நானும் தலையாட்டினேன். வாக்குப்பதிவு தொடங்க அரை மணி, பிறகு ஒன்றரை மணி, ஐந்து நிமிடம். ஆக இரண்டு மணி ஐந்து நிமிடம் நின்றோம். எனக்கு அரை மணிபோலத்தான் இருந்தது.

"ஏனுங்கம்மிணி, கான்வென்டுல இங்கிலீசுல திட்டுவாங்களாமே, ஒண்ணு சொல்லுங்க" என்று நீங்கள் கேட்டிருக்கக் கூடாது. மதர் சுப்பீரியர் என்னைத் திட்டியவற்றில் மூன்றைச் சொன்னேன். ஆண்கள் வரிசைகூடத் திரும்பிப் பார்த்தது. உங்கள் மகன் சந்திரசேகர் லாரியில் ஆடு ஏறிய கதையில் நான் சிரித்த சிரிப்புக்கு, என் கணவர் உயிரோடு இருந்தால் என்னைத் தெரியாதவர்போல் நின்றிருப்பார்.

வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, பையைத் திறந்தபோதுதான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். உங்களிடம் எல்லோர் முன்னாலும் சொல்வதற்காக மூன்று வாக்கியம் எழுதிவைத்திருந்தேன். பத்து மாதமாகத் திருத்தியவை. பேச்சு சுவாரசியத்தில் மறந்தே போனேன். உங்களையும் கேட்க மறந்தேன்.

நான் சொல்லாததால் நீங்களும் சொல்ல வேண்டியதில்லை.

பூங்கோதை

22.2.2022

அம்மிணிக்கு,

நானும் மறந்துபோட்டேன். ஊட்டுக்கு வந்த பொறவு மருமக, "சொல்லிட்டாங்களா அத்தை?"ன்னு கேட்டா. அப்பத்தான் எனக்கே நெனப்பு வந்துது. கேக்கோணும்னு தோணலீங்க. நல்லாத்தான் இருந்துது.

நீங்க கேக்காததால சொல்றேன். நானு அன்னைக்கு ஓட்டுப் போடலீங்க. பதினோரு பேருதான் முன்னால இருந்தாங்க. கால் பொசுங்கிப் போச்சு, கண்ணு இருட்டிப் போச்சு, கீழ உக்காந்துட்டேன். சந்திரசேகர் வந்து தூக்கியாந்துட்டான். ஓட்டுரிமை வந்த நாள்ல இருந்து அன்னைக்கு ஒரு தடவைதான் உட்டுப்போட்டேன். மருதாணிக்கு அடியில மை இல்லீங்க.

அன்னைக்குச் சொல்லியிருந்தா வவுத்தெரிச்சலோட சொல்லியிருப்பேன். அது சாபமாப் போயிருக்கும். இப்பச் சொன்னா சேதி, அவ்வளவுதான்.

தப்பு முழுக்க உங்க மேல இல்லீங்க. அந்தப் போலீசம்மா எங்கிட்டயும் வயசு கேட்டா. நீங்க முன்னால போன ரோசத்துல, அறுவத்தெட்டுன்னு சொல்லிப்போட்டேன். நெசத்தைச் சொல்லியிருந்தா என்னையும் முன்னால கூட்டிப் போயிருப்பாங்க. அதனால பாதி உங்குளுது, பாதி என்ரது.

ஆத்தாயி

25.2.2022

அன்புள்ள ஆத்தாயி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. முத்தாயம்மாள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பாதி உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்களைப் பின்னால் அனுப்பியவள் நான். முழுவதும் என்னுடையது.

அடுத்த தேர்தல் வரை காத்திருக்கும் வயது எனக்கு இல்லை. இன்று காலை ரேஷன் கடைக்குப் போனேன். என் அட்டைக்குச் சர்க்கரைதான் தருவார்கள். இதுவரை வேலைக்காரிதான் போய் வாங்கிவருவாள். வரிசையில் நாற்பத்தொரு பேர். முறைப்படி கடைசியில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "போன வருஷம் ஏப்ரல் ஆறாம் தேதி ஓட்டு வரிசையில், ஆத்தாயி என்கிற அம்மாவை நான் அநியாயமாகப் பின்னால் அனுப்பினேன். அவர் ஓட்டு என்னால் போயிற்று. தவறு என்னுடையது."

காகிதத்தைப் பார்க்காமலே சொன்னேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "பாட்டிம்மா, நவுருங்க, வெயிலடிக்குது" என்றாள் ஒருத்தி. எடை போடுகிறவன் மட்டும் தலையை நீட்டி, "ஆத்தாயிங்கறது யாருங்க? உங்களுக்குச் சொந்தமுங்களா?" என்று கேட்டான்.

சிநேகிதி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது. அது சரியில்லை என்றால் திருத்தி எழுதி அனுப்பவும், திருத்திக்கொள்கிறேன்.

பூங்கோதை