மடுவத்தில் பாம்பு என்று சொன்னேன்

முத்துமாரி துணை

எல்கடுவ,
பள்ளிக்கூடத்திலிருந்து,
ஞாயிறு காலை.

அன்பு மகள் விஜிதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எங்கள் உயிருக்கு ஒன்றுமில்லை, அங்கே உனக்கும் காய்ச்சல் தடிமன் வராமல் தாயே பார்த்துக்கொள்ளம்மா என்று கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். கரண்ட் இன்னும் வரவில்லை, என் போன் செத்துக் கிடக்கிறது. நேற்று அழகாயி அக்காவின் போனில் உன்னோடு பேசினபோது சுற்றிலும் ஆட்கள் நின்றதால் மனதில் இருந்த எதையும் சொல்ல முடியவில்லை. மரக்கறி லொறி ஓட்டுகிற நம்ம சசிக்குமார் இன்றைக்குக் கொழும்புக்குப் போகிறான், உன் கையிலேயே கொடுக்கச் சொல்லி இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ தங்கியிருக்கிற வீட்டுக்கார நோனாவிடம்கூட இதைக் காட்டாதே.

நீ கெம்பசிலிருந்து அந்த அரசாங்கக் கந்தோருக்குப் பயிற்சிக்குப் போய் இந்த ஒரு கிழமையும் எனக்கு நெருப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. முதலில் பயந்ததெல்லாம் சின்னப் பயம், கோட்டையில் பஸ் மாறத் தெரியுமா, மத்தியானம் என்ன சாப்பிடுவாய் என்று. திங்கட்கிழமை நீ போன் எடுத்து, மழை, மண்சரிவு எச்சரிக்கை அனுப்புகிற பகுதியில் மேசை தந்திருக்கிறார்கள், சிங்களத்தில் வருவதைத் தமிழில் மாற்றுகிற வேலை என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. மறுநாளே, அங்கே பார்ப்பதை வெளியில் பேசக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறொரு பயம், ஏன் என்று அப்போது தெரியவில்லை.

வியாழக்கிழமை நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும், மீதியைச் சொல்கிறேன். நீ போன் எடுத்தபோது பிள்ளை மடுவத்தில் நானும் அழகாயி அக்காவும் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தோம், தாய்மாரெல்லாம் மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா, நம்ம மலை மேப்புல செவப்பா இருக்கு, அறிவித்தல்ல எங்க பெரிய மேடம் இன்னும் கையெழுத்து வைக்கல, அதுக்கு முந்தி நான் சொல்லக்கூடாது, புள்ளைகளத் தூக்கிக்கிட்டுக் கீழ ஸ்கூலுக்குப் போயிருங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீங்க என்று நீ ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. மழையும் முந்தின நாளைவிடப் பெரிதில்லை. ஒன்றும் நடக்காவிட்டால் பிள்ளைகளை மழையில் நனைத்ததற்கு என் வேலை போகும், உன் பெயரைச் சொன்னால் உன் படிப்பே போகும். என்ன சொல்வதென்று தெரியாமல், அக்கா, தொட்டிலுக்குக் கீழ பாம்பு என்று கத்திவிட்டேன். பாவம், அவர் பாம்பு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை, இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார். நடக்கிற பிள்ளைகளை ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிக்க வைத்து நான் பின்னாலே இறங்கினேன்.

பாதி வழியில் கணக்கப்பிள்ளை உதயராஜ் மறித்தார். அவரிடமும் பாம்பு என்றேன். பாம்புக்குப் பயந்து புள்ளைகள மழையில நனைப்பீங்களா, ஆள அனுப்பி அடிக்கச் சொல்றேன், அடிச்சதும் திரும்பப் போயிரணும் என்று சத்தம் போட்டார். மடுவத்துக்குள் பாம்பு என்ற பேச்சு மலைக்குப் போனதும் தாய்மார் கூடையைப் போட்டது போட்டபடி இறங்கி ஓடி வந்தார்கள். அதுவும் நல்லதற்குத்தான் என்று பள்ளிக்கூட விறாந்தையில் நின்று மூச்சு விட்டேன். அப்போது பார்த்தால், மேலே மடுவத்துப் பாதையில் தடியோடு ஒரு ஆள் போகிறார். உன் அப்பா. பாம்படிக்கக் கணக்கப்பிள்ளை தேயிலை ஸ்டோரிலிருந்து கூப்பிட்டு அனுப்பினது அவரைத்தான்.

மகள், சுற்றி அத்தனை பேர், உண்மையைச் சொன்னால் உன்னைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். அவர் மடுவத்துக்குள் குனிந்து நுழைந்ததைப் பார்த்த பிறகு எனக்கு எதுவும் தெரியவில்லை, கையிலிருந்த பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு மேட்டில் ஏறி ஓடினேன். பாம்பு இல்லைங்க, மலை வரப்போகுது, விஜிதா சொன்னா, விஜிதா சொன்னா என்று தொண்டை கிழியக் கத்தினேன். மழைச் சத்தத்தில் அவருக்கு உன் பெயர் மட்டும்தான் கேட்டதாம். கொழும்பில் உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தடியைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்து வந்தார். அதனால்தான் பிழைத்தார். முதலில் சத்தமே இல்லை, தேயிலைச் செடிகள் நின்றபடியே கீழே நடந்து வந்தன. பிறகுதான் அந்த இரைச்சல். கண் மூடித் திறப்பதற்குள் மடுவம் இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. அப்பா இடுப்பளவு சேற்றில் மாட்டிக்கொண்டார், உதயராஜ்தான் தன் உயிரைப் பார்க்காமல் இறங்கி இழுத்து எடுத்தார்.

நேற்று உன்னிடம் சுளுக்கு என்று சொன்னது பொய். அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாத்தளை ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கம்பி வைத்திருக்கிறார்கள். நினைவு தெளிவாக இருக்கிறது, பேசுகிறார், சாப்பிடுகிறார். பயந்துகொண்டு ஓடி வராதே. வேறு ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் கந்தோர் அறிவித்தல் இங்கே வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

இனித்தான் என் பெரிய பயம். நான் கத்திக்கொண்டு ஓடினது விறாந்தையில் நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. அன்றைக்கே உதயராஜ் என்னைத் தனியே கூப்பிட்டு, யாரு கேட்டாலும் நான் பாம்புன்னுதான் சொல்வேன், நீங்க பயப்படாதீங்க என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை கமராவோடு டிவிக்காரர்கள் வந்தார்கள். நான் பிள்ளைகளோடு வகுப்புக்குள் ஒதுங்கிக்கொண்டேன். அழகாயி அக்கா சந்தோஷத்தில், நம்ம கிருஷ்ணம்மா மகதான் கொழும்புக் கந்தோர்லேருந்து சொல்லிக் காப்பாத்துச்சு என்று உன் பெயரோடு சொல்லிவிட்டார். அவரைத் திட்டவும் முடியவில்லை, அவருடைய பேரனும் அந்தத் தொட்டிலில் கிடந்தவன். நாளைக்கு ராத்திரி டிவியில் போடுவார்களாம். எல்லாரும் உன்னைப் புகழ்கிறார்கள், ஒவ்வொருவர் புகழும்போதும் நீ போட்டுக் கொடுத்த கையெழுத்துதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

அதனால் நாளைக் காலையிலேயே, டிவியில் வருவதற்கு முன்னால், நீயே மேடத்திடம் போய்ச் சொல்லிவிடு. அடுத்தவர் சொல்லி அவர் கேட்கக்கூடாது. மன்னிப்புக் கேக்கச் சொல்லாத, எம் மக தப்புப் பண்ணல என்று அப்பா கட்டிலில் கிடந்தபடி சொல்லி அனுப்பினார். அவர் தைரியம் எனக்கு இல்லை. அழுது காலில் விழுந்தாவது உன் படிப்பைக் காப்பாற்றிக்கொள் என்றுதான் என் மனம் சொல்கிறது. இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை, நீதான் யோசிக்க வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் பயப்படாமல் கேள். என் மகள் அந்த மேசையில் இருந்ததால் எங்கள் பிள்ளைகள் பிழைத்தார்கள், கையெழுத்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் மற்ற மலைகளில் இருக்கிற பிள்ளைகளுக்கு யார் போன் எடுப்பது என்று கேள்.

இங்கே மழை விடவில்லை, நம்ம லயத்து வீடுகளுக்கு மேலேயும் வெடிப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள், அதனால் எல்லாரும் பள்ளிக்கூடத்திலேயே படுக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, தனியாக இருந்து அழாதே. மேடம் என்ன சொன்னார் என்று சசிக்குமார் திரும்பும்போது இரண்டு வரி எழுதிக் கொடு, நல்லதோ கெட்டதோ மறைக்காமல் எழுது. உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தலை குனியாமல் வா மகள், இங்கே அத்தனை தாய்மாரும் ரோட்டுக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இரு என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

உன் பயந்தாங்கொள்ளி அம்மா,
மாடசாமி கிருஷ்ணம்மா