நான்காவது மட் ஃபிளாப்

மாமா,

இன்று காலை காரை வாட்டர் வாஷுக்கு விட்டிருந்தேன். கழுவி முடித்த ஆள் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்த லெஃப்ட் சைடு மட் ஃபிளாப் கோணலா நிக்குதுங்களே. மூணே ஸ்க்ரூதான், நிமித்திப் போட்டுரட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "அஞ்சு நிமிச வேலைங்க" என்றார். "இருக்கட்டும்ங்க. அது எங்க மாமனார் புடிச்சு மாட்டினது" என்று சொன்னேன். அவருக்கு அது ஒரு காரணமாகவே தெரியவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துணியைப் பிழியப் போய்விட்டார்.

நனைந்த ரப்பரின் வாடை மட்டும் அங்கேயே நின்றது. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. நேரில் உங்களை மாமா என்று கூப்பிட எனக்குச் சுலபத்தில் வாய் வரவில்லை. நீங்களும் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "ஏனுங்க" என்றே சமாளித்துக்கொண்டிருந்தீர்கள். யோசித்துப் பார்த்தால் நாம் இரண்டு பேரும் அந்த விஷயத்தில் ஒரே மாதிரி.

நீங்கள் காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டமும் வாழையும் வைத்திருந்தவர். என் அப்பா அதேபோல் இன்னொருவர் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். அம்மா களையெடுக்கப் போனாள். அந்தக் கூலியில்தான் நான் ஐ.டி.ஐ. படித்து, பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவனானேன். உங்கள் மகள் கோகிலா அதே கம்பெனியில் கணக்கு எழுத வந்தாள். நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போத்தனூரில் வாடகை வீடு பிடித்தோம். அதற்குப் பிறகு ஐந்து வருடம் நீங்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஐந்தாம் வருடத்து ஐப்பசியில் நாங்கள் மேட்டுப்பாளையத்தில் ஒரு நண்பரின் புது வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த வழியில் காரமடை வந்தாலே கோகிலா தலையைக் குனிந்து மடியில் எதையாவது தேட ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்கு நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. பின்னாலிருந்து ஒரு பஸ் ஒலி எழுப்பி நெருக்க, நான் இடது பக்கம் ஒதுங்கினேன். தண்ணீர் நின்ற பள்ளம் எனக்குத் தெரியவில்லை. சக்கரம் இறங்கியதும் செந்தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. ஓரத்தில் கறிவேப்பிலைக் கட்டு வைத்த மொபெட்டைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். அவ்வளவும் அவர் மேல் போய் விழுந்தது.

"ஐயோ, அப்பா!" என்றாள் கோகிலா.

என் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. "நிறுத்தாதீங்க. போங்க, போங்க" என்று என் கையைப் பிடித்தாள். எனக்கும் பயம் இருந்தது. அந்த ஊரில், அத்தனை பேர் நடுவில், உங்கள் முன்னால் இறங்கி நிற்க எனக்குத் தைரியமில்லை. போய்விட்டேன். அவள் இருக்கையில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியாக நீங்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் உக்கடத்தில் ஒரு கடையில், சேறு தெறிக்காமல் சக்கரத்துக்குப் பின்னால் மாட்டுகிற மட் ஃபிளாப் நான்கு வாங்கினேன். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று கவரில் போட்டிருந்த சாதாரண ரப்பர்தான். பள்ளத்தில் வேகமாக விட்டால் எந்த ரப்பரும் ஓரத்தில் நிற்பவரைக் காப்பாற்றாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஏதாவது ஒன்றைச் செய்யாமல் இருக்க முடியவில்லை. கூடக் கொடுத்த ஸ்க்ரூக்கள் இரண்டே மழையில் துருப்பிடிக்கிற ஜாதி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்பெனியிலிருந்து துருப்பிடிக்காத ஸ்க்ரூக்களைக் கேட்டு வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோகிலா சுந்தராபுரத்தில் தோழி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். நான் வண்டியை வாசலில் நிறுத்தி, முன்சக்கரம் நன்றாகத் திரும்பி நிற்கும்படி ஸ்டியரிங்கை ஒடித்துவைத்து, உள்ளே அப்பியிருந்த சேற்றைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே நீங்கள் நிற்கிறீர்கள். கையில் குடையும் ஒரு கட்டைப் பையும்.

உண்மையைச் சொல்கிறேன், மாமா. நான் முதலில் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. உங்களுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்றுதான் பார்த்தேன். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அதை நீங்கள் கவனித்தீர்கள்.

"நான் ஒருத்தன்தானுங்க வந்திருக்கறேன்" என்றீர்கள்.

இன்றைக்கும் அந்தக் குரலை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அம்மணி இல்லீங்களா?" என்று மகளைக் கேட்டீர்கள்.

"வெளிய போயிருக்குதுங்க. மத்தியானத்துக்குள்ள வந்துரும்ங்க. உள்ள வாங்க."

"இல்லீங்க. இங்கயே நிக்கறேன். நீங்க வேலையப் பாருங்க."

நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்காரவில்லை. எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப வேலையில் குனிந்துகொண்டேன். ரப்பரை ஒரு கையால் அழுத்திப் பிடித்து மறுகையால் டிரில்லை ஓட்ட வேண்டும். ஏற்கெனவே வண்டியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளோடு மூன்றாவதாக ஒன்று போட்டால்தான் நிற்கும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்ற நினைப்பு வேறு. ரப்பர் இரண்டு தடவை நழுவியது.

மூன்றாவது தடவை, பக்கத்தில் ஒரு கை வந்து ரப்பரைப் பிடித்தது. வேட்டியை மடித்துக்கட்டி நீங்கள் குத்தவைத்திருந்தீர்கள்.

"சட்டை அழுக்காயிரும்ங்க" என்றேன்.

"அது அன்னைக்கே ஆயிப்போச்சுங்க" என்றீர்கள்.

எனக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. டிரில்லை அழுத்தினேன். நல்ல வேளையாக அது சத்தம் போட்டது.

முன்பக்கம் இரண்டையும் முடித்தோம். நான் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்கத் திருப்ப, நீங்கள் குனிந்து டயர் உரசுகிறதா என்று பார்த்துச் சொன்னீர்கள். "இல்லீங்க, வெரல் போற சந்து இருக்குது." நீங்கள் குத்தவைத்த பிறகு நமக்குள் நடந்த பேச்சிலேயே அதுதான் நீளமானது. பிறகு பின்பக்கம் வந்தோம். ரப்பரின் அடிமுனை தரைக்கு எவ்வளவு மேலே நிற்க வேண்டும் என்று நான் நான்கு விரல் வைத்து அளந்தேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"இன்னுங் கொஞ்சம் மேல ஏத்துங்க. எங்கூரு வேகத்தடை ரொம்ப ஒசரம்ங்க. இடிச்சுப்போடும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு சாண் உயரத்தில் குறி போட்டுவிட்டு, "இது போதுங்களா?" என்று கேட்டேன். "போதும்ங்க" என்றீர்கள்.

மூன்றாவதை முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. நான் டிரில்லின் ஒயரைப் பிடுங்கி ஜன்னல் வழியாக உள்ளே போட்டேன். வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது, நான்கு எட்டில் போய்விடலாம். நீங்கள் அந்தப் பக்கம் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், பிறகு காரின் முன்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டீர்கள். உங்களை மட்டும் அங்கே உட்காரவைத்துவிட்டு நான் எப்படி வீட்டுக்குள் போவது? சுற்றி வந்து டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தேன்.

கண்ணாடி முழுக்கப் புகை மாதிரி மூடிக்கொண்டது. உங்கள் மடியிலிருந்த பையிலிருந்து கறிவேப்பிலை வாசம் வந்து வண்டியை நிறைத்தது.

"மொதல்ல வேணும்னே அடிச்சுப்போட்டுப் போறீங்கன்னுதான் நெனச்சேன்ங்க" என்றீர்கள், எதிரே பார்த்தபடி. "அத்தன கோவம் வந்துச்சு. அப்பறம் பாத்தா, அம்மணி திரும்பி உக்காந்து பாத்துட்டே போகுது. அஞ்சு வருசம் ஆச்சுங்க அது மூஞ்சியப் பாத்து. சேத்தத் தொடைக்கக்கூடத் தோணல. வண்டி போன பொறகும் அங்கயே நின்னேன்."

"நான் நிறுத்தியிருக்கோணும்ங்க. தப்புத்தான்."

நீங்கள் பையை மடியில் சரிசெய்துகொண்டீர்கள். "நிறுத்தியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பனோ, எனக்கே தெரியலீங்க. போனதே நல்லது."

அதைவிட நேர்மையாக என்னிடம் யாரும் எதையும் சொன்னதில்லை.

எங்கள் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். லேசாகச் சிரித்தீர்கள். "எங்கூட்டுக்காரி தெனமும் மாட்டுக் கொட்டாய்ல நின்னு அம்மணிகிட்டப் பேசறா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு." அந்த நேரம் பார்த்து உங்கள் போன் அடித்தது. அத்தைதான். எங்கே போயிருக்கிறீர்கள் என்று அவர் சத்தம் போடுவது எனக்கே கேட்டது. "மாப்ள கூட வண்டி வேலையா இருக்கறேன். அப்பறம் கூப்புடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள்.

மறுமுனையில் அத்தை என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணாடியில் படிந்த புகையைக் கையால் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மழை விட்டதும் நான்காவதை மாட்டினோம். மழையில் நனைந்த ரப்பர் உங்கள் கையில் வழுக்கியது. ஸ்க்ரூ ஏறும்போது கொஞ்சம் சாய்ந்துவிட்டது. "கோணலாயிருச்சுங்களே, கழட்டிப் போட்டுரலாங்களா?" என்று கவலைப்பட்டீர்கள். "இருக்கட்டும்ங்க மாமா" என்றேன். முதல் தடவை அப்போதுதான் வாயில் வந்தது. எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அப்படி நிற்கும்போதுதான் கோகிலா வந்தாள். கேட்டிலேயே நின்றுவிட்டாள். குடையை மடக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"அப்பா… கையெல்லாம் என்னப்பா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. வண்டிக்கு ரப்பர் மாட்டறோம்."

ஐந்து வருடம் கழித்து அப்பாவும் மகளும் பேசிய முதல் பேச்சு அவ்வளவுதான். வெளிக்குழாயில் அவள்தான் உங்கள் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். கழுவி முடித்த பிறகும் மணிக்கட்டை விடவில்லை. அப்படியே உள்ளே கூட்டிப் போனாள். வாசற்படியில் ஒரு கணம் நின்று, அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையசைத்தேன். உள்ளே போனீர்கள். அன்றைக்குத் தேநீர் மட்டும் குடித்தீர்கள், சாப்பிடவில்லை. சாப்பிட்டது அடுத்த தடவை வந்தபோதுதான். அதையும் நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களால் ஒரு நாளில் எவ்வளவு தூரம் வர முடியுமோ அவ்வளவு வந்திருந்தீர்கள்.

தை மாதம் ஒரு நாள் போன் செய்தீர்கள். "நாளைக்குக் காலைல அம்மணியக் கூட்டிட்டு வந்துருங்க. ஊட்டுக்குப் போலாம்." மெயின் ரோட்டில், ஊருக்குப் பிரிகிற இடத்தில், வெளுத்த வேட்டி சட்டையில் காத்துக்கொண்டிருந்தீர்கள். கோகிலா பின்னால் போய் உட்கார, நீங்கள் முன்னால் ஏறினீர்கள்.

"கண்ணாடிய இறக்கி விடுங்க" என்றீர்கள். இறக்கினேன். "மெதுவாப் போங்க. அவசரமில்ல."

மாட்டு வண்டியே முந்திப் போகிற வேகத்தில் உங்கள் ஊருக்குள் போனோம். பால் சொசைட்டி, கோயில், டீக்கடை. முழங்கையை வெளியே வைத்து, எல்லாரும் பார்க்கும்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். டீக்கடையில் ஒருவர் எழுந்து வந்து, "ஏனுங்க, யாரு வண்டிங்க?" என்று கேட்டார். தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

"நம்ம மாப்ள வண்டிங்க" என்றீர்கள், கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

கியர் மாற்றக் குனிந்தபோது பார்த்தேன். வேட்டிக்குள் உங்கள் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. குரலில் அது துளியும் இல்லை.

அதன் பிறகு உங்கள் பங்காளிகள் இரண்டு வீட்டார் வந்துபோவதை நிறுத்திக்கொண்டார்கள் என்பதும், கோயில் விசேஷத்தில் உங்களை முன்போல் முன்னால் கூப்பிடுவதில்லை என்பதும் நீங்கள் போன பிறகு அத்தை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு நாள்கூட நீங்கள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. வருகிறபோதெல்லாம் கறிவேப்பிலைக் கட்டோடு சிரித்துக்கொண்டேதான் வந்தீர்கள். நன்றி சொல்ல எனக்கு மூன்று வருடம் கிடைத்தது. அதை வீணாக்கிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அத்தையைப் பார்க்கப் போகிறோம். கோகிலா வர முடியாத வாரங்களில் நான் மட்டும் போகிறேன். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போது அந்தத் தெரு கொஞ்சம் நீளமாகத்தான் தெரிகிறது. டீக்கடையில் சிலர் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் இப்போதெல்லாம் கையை உயர்த்துகிறார். சில நாள் எனக்கும் முழங்கால் நடுங்கும். ஆனாலும் ஊர் எல்லை வந்ததும் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுகிறேன். அத்தை வீட்டு வாசல் வரும்வரை அதை ஏற்றுவதில்லை, மாமா.